கண்ணாடியை வைத்து அழுத்திப் பாருங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து 56 வயதான ஒரு அக்கா கேட்டிருந்தார்: "நெஞ்சிலும் வயிற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். நோவும் இல்லை, கடியும் இல்லை. போன வருடம் நாலைந்துதான் இருந்தன, இப்போது 15க்கு மேல். பக்கத்து வீட்டில் ஒருவர் கிட்னி வருத்தத்தின் தொடக்கம் என்கிறார். இன்னொருவர் சண்டைக் காலத்தில் சுவாசித்த புகை இப்போதுதான் வெளியே வருகிறது என்கிறார். எதை நம்புவது?"

வன்னியில் இந்த இரண்டு பயமும் சும்மா வருவதில்லை. காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்தில் எத்தனையோ விவசாயக் குடும்பங்களை வாட்டியிருக்கிறது. 2009இன் வெடிச்சிதறல்களை இன்னும் உடம்பில் சுமப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். ஆனாலும் அக்கா சொல்லும் அடையாளங்கள் பொருந்துவது இவை இரண்டோடும் அல்ல, செர்ரி ஆஞ்சியோமா என்ற தீங்கில்லாத ஒன்றோடு. நல்ல சிவப்பு, ஒன்றிலிருந்து ஐந்து மில்லிமீற்றர் அளவு, தடவினால் கொஞ்சம் மேடு, பெரும்பாலும் உடலின் நடுப்பகுதியில். முப்பது வயதுக்குப் பிறகு ஒன்றிரண்டாகத் தொடங்கி வயதோடு கூடும். அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கு இருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்த சத்திரசிகிச்சை நிபுணர் கம்பெல் டி மோர்கன், தன் புற்றுநோயாளிகளின் தோலில் இந்தப் புள்ளிகளைக் கண்டு, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நினைத்தார். அதே வயதில் புற்றுநோய் இல்லாதவர்களையும் பார்த்தபோது அவர்களிடமும் புள்ளிகள் இருந்தன. தொடர்பு வயதோடுதான். இன்றும் மருத்துவர்கள் சிலர் அவற்றை டி மோர்கன் புள்ளிகள் என்கிறார்கள்.

ஏன் வருகின்றன என்பதில் ஒரு பகுதி அண்மைய ஆண்டுகளில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. குருதிக் குழாயின் உட்சுவர்க் கலங்களில் ஜிஎன்ஏகியூ என்றொரு பரம்பரை அலகு உண்டு. அது உருவாக்கும் புரதம் ஒரு சுவிட்ச்: வெளியிலிருந்து செய்தி வந்தால் திறக்கும், வேலை முடிந்ததும் தானாக மூடும். அப்படி மூடுவதற்கு, புரதத்தின் 209ஆவது இடத்தில் உள்ள குளுட்டமின் என்ற அமினோ அமிலம் தேவை. பல செர்ரி ஆஞ்சியோமாக்களில் அந்த ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. சுவிட்ச் திறந்தபடியே நிற்க, அந்த இடத்து நுண்குழாய்கள் பெருகி, விரிந்து, ஒரு சிறு கொத்தாகின்றன. பிறகு வளர்ச்சி நின்றுவிடுகிறது. பெற்றோரிடமிருந்து வந்த மாற்றம் அல்ல இது. வாழ்நாளில் ஏதோ ஒரு கலத்தில் நேர்ந்தது.

சரி, வீட்டில் இருப்பவருக்கு இது தீங்கில்லாததுதானா என்று எப்படித் தெரியும்? நான் மிகவும் விரும்பும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. தெளிவான ஒரு கண்ணாடிக் கிளாஸை எடுத்துப் புள்ளியின் மேல் வைத்து, அழுத்தியபடியே உள்ளே பாருங்கள். குருதி குழாய்க்குள் இருக்கிறதா, குழாயை விட்டு வெளியேறிவிட்டதா என்ற ஒரே கேள்விக்குத்தான் நீங்கள் விடை தேடுகிறீர்கள்.

மேற்றோலில் குருதிக் குழாயே இல்லை. அதற்குக் கீழேதான் மயிர்த்துளைக் குழாய்கள் தொடங்குகின்றன. அவற்றின் சுவர் ஒரே ஒரு கல அடுக்கு. உள்விட்டம் ஏறத்தாழ 5 முதல் 10 மைக்குரோமீற்றர். செங்குருதிக் கலமே 7, 8 மைக்குரோமீற்றர் அகலம் என்பதால் பல இடங்களில் அது வளைந்து நெளிந்து ஒற்றை வரிசையில்தான் போக முடியும். அங்கே அழுத்தமும் குறைவு. கைநாடியில் 120 காட்டும் குருதி அழுத்தம், இந்த நுண்குழாய்களில் 30ஐ ஒட்டித் தொடங்கி 15 அளவுக்கு இறங்கிவிடும். அதனால் பெருவிரலின் சாதாரண அழுத்தமே அந்தக் குருதியைப் பக்கத்துக் குழாய்களுக்குத் தள்ளப் போதும். தோல் வெளிறும், கையை எடுத்ததும் சிவப்புத் திரும்பும்.

கசிந்த குருதி இப்படி அசையாது. இரணைமடு வாய்க்காலில் ஓடும் தண்ணீரைத் தடுத்துத் திருப்பலாம், கரையை உடைத்துக்கொண்டு வயல் மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரை மிதித்து வாய்க்காலுக்குத் திருப்ப முடியுமா? கொலாஜன் நார்களுக்கு நடுவே சிக்கிய செங்குருதிக் கலங்களுக்குத் திரும்பும் வழி கிடையாது. விழுங்கும் கலங்கள் வந்து அவற்றை உண்ண வேண்டும். ஈமோகுளோபின் உடைந்து முதலில் பச்சையாக, பிறகு மஞ்சளாக மாறும், மிஞ்சும் இரும்பு மண்ணிறமாகப் படியும். அடிபட்ட கண்டல் நாளுக்கு நாள் நிறம் மாறுவது இதனால்தான்.

ஆகவே கண்ணாடிக்குக் கீழே மங்கினால் குழாய்க்குள் இருக்கும் குருதி, மங்காவிட்டால் பெரும்பாலும் கசிவு. செர்ரி ஆஞ்சியோமாவில் குழாய்ச் சுவர்கள் தடித்திருப்பதால் சில புள்ளிகள் முழுதாக வெளிறாமல் பாதி மங்கி நிற்கும். மேடாக, பல மாதங்களாக அதே இடத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். நடுவில் ஒரு புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால் போல இழைகளும் இருந்தால் அது வேறு. நடுப்புள்ளியைப் பென்சில் முனையால் அழுத்தினால் இழைகள் முழுதும் மறையும், விட்டதும் நடுவிலிருந்து வெளிநோக்கி நிரம்பும், ஏனென்றால் நடுவில் இருப்பது ஒரு குட்டி நாடி. ஒன்றிரண்டு யாருக்கும் இருக்கலாம். ஐந்துக்கு மேல் இருந்தால், அதுவும் கசிப்புச் சாராயம் குடிப்பவரென்றால், ஈரலைச் சோதிக்க வேண்டும்.

மங்காத, தட்டையான, ஊசிமுனைப் புள்ளிகள் திடீரென்று கூட்டமாக, முதலில் கால்களில் வந்தால் தாமதிக்கக் கூடாது. நுண்குழாய்களின் ஓட்டைகளை ஓயாமல் அடைத்துக்கொண்டிருக்கும் குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருக்கலாம். மாரி தொடங்கி நுளம்பு பெருகும் மாதங்களில், காய்ச்சலோடு இப்படிப் புள்ளி வந்தால் டெங்குவை நினையுங்கள். பனடோல் தவிர டிஸ்பிரின், இபுபுரூஃபன் எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதியுங்கள்.

இங்கே எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் ஓரிடம் உண்டு. காய்ச்சல்காரருக்குப் பார்வை பார்த்து நூல் கட்டுகிறார்கள், நாலாம் ஐந்தாம் நாளில் காய்ச்சல் இறங்குகிறது, நூலுக்குப் பெயர் கிடைக்கிறது. டெங்குவில் குழாய்ச் சுவர் வழியே குருதித் திரவம் கசியும் ஆபத்தான 24 முதல் 48 மணித்தியாலம் தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான். வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வையுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. நேர்த்தி வைத்த கையோடு ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

இன்னொன்று. கண்ணாடியை வைத்துப் பார்க்கும் இந்த வித்தையைப் பாடநூல்கள் வெள்ளைத் தோலை வைத்தே அதிகம் காட்டுகின்றன. வயலில் கறுத்த முன்கையில் ஊசிமுனைக் கசிவு எளிதில் தெரியாது. கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம், உள்ளங்கை, உள்ளங்கால் இவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நம் நிறத்துத் தோலில் இந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் எப்படித் தெரியும் என்று ஒரு படத்தொகுப்பு செய்ய நல்ல ஒரு கமெராவும், தோல் கிளினிக் ஒன்றும், நோயாளிகளின் சம்மதமும் போதும். ஆய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் பெரிய இயந்திரங்களுக்குக் கொடுப்பதில் கொஞ்சத்தை இதற்குக் கொடுத்தால், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கிராமத்துக் கிளினிக்குகளில் வேலை செய்யும் தாதிமார் அதை நாளைக்கே எடுத்துப் பயன்படுத்துவார்கள்.