நாற்பது வயது வரை நோய் எங்கே இருந்தது?

ஹண்டிங்டன் பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறு என்றால், அது ஏன் நாற்பது வயதுக்குப் பக்கத்தில் தலைகாட்டுகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. இதற்குத் தெளிவான பதில் கிடைத்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது.

கை கால்கள் தானாகத் துள்ளும், நடை தள்ளாடும், போகப்போக குணமே மாறிவிடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான்காவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சிஏஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. பெரும்பாலானவர்களுக்கு இருபது தடவைக்கு முன்பின்னாக இருக்கும். நாற்பதைத் தொட்டால் நோய் உறுதி.

சரி, அந்த நாற்பது பிறக்கும்போதே இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் நாற்பதாகவே நிற்பதில்லை! மூளையின் ஆழத்தில், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ஸ்ட்ரையேட்டம் பகுதியின் நரம்பணுக்களில் அந்த எண்ணிக்கை வளர்ந்துகொண்டே போகிறது. டிஎன்ஏ இழைகள் பிரிந்து மறுபடி சேரும்போது, ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதால் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஓர் இழையில் சின்னதாக ஒரு வளையம் புடைக்கிறது. எம்எஸ்ஹெச்3 என்ற புரதம் அதைக் கண்டுபிடித்துப் பழுதுபார்க்கும் அணியை அழைக்கிறது. அங்கேதான் வினை. துணி ஒரு பக்கம் மடிந்திருப்பதைப் பார்த்த தையல்காரர், மடிப்பை நீவாமல் மறுபக்கம் ஒட்டுத்துணி வைத்துத் தைப்பது போல, அந்த அணி எதிர் இழையில் கூடுதல் எழுத்துகளைச் சேர்த்துவிடுகிறது. பழுதுபார்ப்பே நீளத்தைக் கூட்டுகிறது. நீளம் கூடக்கூட வளையமும் எளிதாகப் புடைக்கிறது. முதல் சில பத்தாண்டுகள் மெதுவாக ஏறி, எண்ணிக்கை 80-ஐத் தாண்டியதும் வேகம் பிடிக்கிறது. 150 வரை அந்த நரம்பணுவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, அதற்குப் பிறகு சீக்கிரமே செத்துவிடுகிறது என்று 2025-இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. எம்எஸ்ஹெச்3 மந்தமாக இயங்குகிறவர்களுக்கு நோய் தாமதமாக வருகிறது என்பதும் இதோடு பொருந்துகிறது.

இந்த மரபணு கிடைத்ததே வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரை மக்களால்தான். 1979-இல் அமெரிக்க ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லரின் குழு அங்கே ஆய்வைத் தொடங்கி, பிறகு ரத்த மாதிரிகளைச் சேகரித்தது. அவருடைய அம்மாவுக்கும் இதே நோய். 1983-இல் குரோமோசோம் தெரிந்தது, மரபணு கைக்கு வந்தது 1993-இல். மூன்று வருடத்தில் முடிவு காட்டச் சொல்லும் நிதியை வைத்து இப்படி ஒரு வேலையைச் செய்திருக்கவே முடியாது. எம்எஸ்ஹெச்3-ஐ அடக்கும் மருந்துகளுக்கு இப்போது முயற்சி நடக்கிறது. அவை பலித்தால், ரத்தம் கொடுத்த அந்த ஏழைக் குடும்பங்களுக்கு முதலில், இலவசமாகப் போய்ச்சேர வேண்டும்.