'ஊடகச் சார்பு' சரியான சொல்லா?

பருவநிலைக் கொள்கை பற்றிய செய்திகளை எப்படி எடைபோட்டுப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்க இப்போது சிங்கப்பூரில் பட்டறைகள் நடக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் தமிழ் அறிவிப்பில் 'ஊடகச் சார்பைக் கண்டறிதல்' என்று போட்டுவிடுகிறார்கள். 'மீடியா பயஸ்' என்பதற்கு இதுதான் தமிழாம். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

'பயஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். சாய்வு, சாய்கோடு என்பது பழைய பொருள். புல்தரையில் பந்து உருட்டும் 'போல்ஸ்' ஆட்டத்தில், பந்து நேரே போகாமல் ஒரு பக்கமாக வளைந்து போகும். அதற்கும் பயஸ் என்றே பெயர். மனம் ஒரு பக்கம் சாய்வதையும் பிறகு அப்படியே சொன்னார்கள்.

இப்போது 'சார்பு'க்கு வருவோம். 'சங்கத்தின் சார்பில் பொன்னாடை போர்த்தினார்' என்கிறோம். இலக்கணத்தில் சார்பெழுத்து என்றால் இன்னொன்றை அண்டி நிற்பது. ஆக, 'ஊடகச் சார்பு' என்பதை ஊடகத்தையே நம்பிக் கிடப்பது என்றும் படிக்கலாம். சரி, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று அதை விட்டுவிடலாம். என் சண்டை வேறு. சார்பு என்றதுமே 'யாருக்குச் சார்பு?' என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. முதலாளி யார், எந்தக் கட்சி என்று துப்புத் துலக்கக் கிளம்பிவிடுகிறோம்.

பருவநிலைச் செய்திகளில் நடந்த பெரிய கோளாறோ, யாரையும் சாரக்கூடாது என்ற நினைப்பிலேயே நடந்தது. மேக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் நான்கு பெரிய நாளிதழ்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். 1988 முதல் 2002 வரை வந்த செய்திகளில் அவர்கள் எடுத்துப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல், புவி வெப்பமாவதற்கு மனிதன் காரணம் என்பதற்கும் அது இயற்கையின் போக்கு என்பதற்கும் சரிக்குச் சரி இடம் கொடுத்திருந்தன. அறிவியலாளர்கள் அப்படிப் பாதிக்குப் பாதியாகப் பிரிந்து நிற்கவில்லையே! தராசைச் சமமாகப் பிடிப்பதாக நினைத்தே செய்தி கோணிப்போனது. இதில் யாருக்குச் சார்பு என்று சொல்வது? இப்படி எதிர்க்குரல் தேடிச் சேர்ப்பது தேவையில்லை என்று பிபிசியே 2018இல் தன் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது.

'பாரபட்சம்' இன்னும் மோசம். அது தெரிந்தே செய்யும் ஓரவஞ்சனை; ஒரு பிள்ளைக்கு மட்டும் இரண்டு கறித்துண்டு கூடுதலாக வைப்பதுபோல.

நான் 'ஊடகச் சாய்வு' என்றே எழுதுகிறேன். சாய்வு தானாகவும் வரும், வேண்டுமென்றும் வரும். சொல் யாரையும் முன்கூட்டியே குற்றவாளி ஆக்குவதில்லை. இதைவிட அழகானது குறளில் இருக்கிறது. கோட்டம் என்றால் வளைவு. நடுவு நிலைமை அதிகாரத்தில் சொல்லில் வரும் வளைவைச் 'சொற்கோட்டம்', மனத்தில் வரும் வளைவை 'உட்கோட்டம்' என்று இரண்டையும் வள்ளுவர் பிரித்தே வைத்தார். ('ஒருதலையா' என்ற சொல்லும் அதே குறளில் வருகிறது, ஆனால் அங்கே 'உறுதியாக' என்று பொருள்!) பொதுச்சொல்லாக 'ஊடகக் கோட்டம்' என்று போட்டால் ஏதோ கட்டடத் திறப்புவிழா போலத் தோன்றும். ஆனால் வார்த்தையில் வரும் சாய்வை மட்டும் குறிக்க 'சொற்கோட்டம்' அப்படியே பொருந்தும்.

வெளியேற்றும் பசுங்கூட வாயுவுக்கு நம் சிங்கப்பூரில் விதிக்கும் கரிம வரியைப் பாருங்கள். 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024இல் 25 வெள்ளி, 2026இல் 45. ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியேற்றும் ஆலைகள்தான் அதை நேரடியாகக் கட்டுகின்றன. 25 வெள்ளி ஆகும்போது சராசரி நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் பயனீட்டுக் கட்டணம் மாதம் சுமார் 4 வெள்ளி கூடும் என்று 2022 வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னார்கள். 'பெரிய ஆலைகளுக்கு ஐந்து மடங்கு வரி' என்றாலும் உண்மை, 'மின்கட்டணம் ஏறும்' என்றாலும் உண்மை. எது தலைப்பு, எது ஒன்பதாவது பத்தி என்பதில்தான் சாய்வு.

இதில் மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கிறார்கள். ஆங்கிலத்தில் 'டேக்ஸ்' என்று மட்டும் இருக்கும், தமிழில் 'வரிச்சுமை' என்று வரும். 'இம்பாக்ட்' என்றிருக்கும், 'பாதிப்பு' என்று எழுதிவிடுவார்கள். கெடுதல் என்று மூலத்தில் ஒரு வரிகூட இருக்காது. 'விளைவு' என்றோ 'தாக்கம்' என்றோ போட என்ன தடை?