கூட்டலா, பெருக்கலா?

ராமேசுவரத்தில் விசைப்படகு கடலுக்குக் கிளம்புவதை வரைந்து காட்டச் சொன்னால், பலரும் ஒரே கோடாக வரைவார்கள். மீன்துறையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன், அப்புறம் டீசல், அப்புறம் ஐஸ், அப்புறம் கடல். துறைமுகத்தில் நடப்பது வேறு. ஒருவர் டோக்கனுக்குப் போயிருக்கும்போதே இன்னொருவர் டீசல் பிடித்துக்கொண்டிருப்பார். ஐஸும் ஏறிக்கொண்டிருக்கும். மூன்றும் சேர்ந்த பிறகுதான் படகு நகரும்.

இப்படி வேலை பிரிவதையும் சேர்வதையும் குழப்பமில்லாமல் வரைவதற்கென்றே குறியீட்டு முறைகள் இருக்கின்றன. பிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதி வேலைகளைக் குறிகளால் வரையும் முறையை அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தது 1921-இல். இன்று நிறுவனங்களில் அதிகம் புழங்கும், தொழில் நடைமுறைகளை வரையும் பிபிஎம்என் (BPMN) குறியீட்டு முறை 2004-இல் வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2011-இல் வெளியாகி, 2013-இல் ஐஎஸ்ஓ தரமும் ஆனது.

அதில் வட்டம் ஒரு நிகழ்வு, முனை மழுங்கிய செவ்வகம் ஒரு வேலை. எந்த வேலை யாருடையது என்று காட்ட நீளமான பட்டைகள். படகுக்காரரும் ஐஸ் கம்பெனியும் தனித்தனி ஆட்கள் என்பதால் இருவருக்கும் நடுவே வேலைகளின் வரிசையைக் காட்டும் கோடு போகக் கூடாது. தகவலைக் காட்டும், விட்டுவிட்டு வரைந்த கோடு மட்டுமே போகலாம். கடிகாரம் வரைந்த வட்டம் நாள், நேரத்துக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு அந்த ஒரு வட்டம் போதும்.

சிக்கல், பாதைகள் பிரியும் இடத்தையும் சேரும் இடத்தையும் காட்டும் சாய்சதுரத்தில்தான். உள்ளே கூட்டல் குறி இருந்தால் எல்லாப் பாதையும் நடக்கும். பெருக்கல் குறி இருந்தால் ஏதாவது ஒன்றுதான். கூட்டலில் பிரித்துவிட்டு, சேரும் இடத்தில் பெருக்கல் போட்டுப் பாருங்கள். டோக்கன் வந்ததும் ஒருமுறை, டீசல் வந்ததும் ஒருமுறை, ஐஸ் வந்ததும் ஒருமுறை என்று ஒரே படகு மூன்று தடவை கிளம்பும்! மாற்றிப் போட்டால் இன்னும் மோசம். டீசலை இந்த பங்கிலோ அந்த பங்கிலோ வாங்கலாம் என்று பெருக்கலில் பிரித்து, கூட்டலில் சேர்த்தால், வராத இரண்டாவது டீசலுக்காகப் படகு காலம் முழுக்கக் கரையிலேயே நிற்கும். மனிதர்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். வரைபடத்தை அப்படியே ஓட்டும் மென்பொருளுக்குச் சிரிக்கத் தெரியாது.

இந்த மாதிரித் தப்பைக் கணக்காகவே பிடிக்க உதவுவது, ஜெர்மானியர் கார்ல் ஆடம் பெட்ரியின் 1962 ஆய்வேட்டிலிருந்து வளர்ந்த பெட்ரி வலை. அதில் வட்டங்களுக்குள் கரும்புள்ளிகள் இருக்கும். ஒரு வேலைக்குள் நுழையும் எல்லா வட்டத்திலும் புள்ளி இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். நடந்ததும் புள்ளிகள் அடுத்த வட்டங்களுக்குப் போகும். புள்ளி எங்காவது சிக்கி நிற்கிறதா, முடிவில் மிச்சமாகிறதா என்று கணினியே தேடிச் சொல்லிவிடும். நெதர்லாந்தின் வில் வான் டெர் ஆல்ஸ்ட் இதை அலுவலகப் பணியோட்டங்களைச் சோதிக்கும் முறையாக வளர்த்தார்.

படகு திரும்பி வந்ததும் இறால், நண்டு, கணவாய், சங்காயம் (கழிவு மீன்) என்று பிரிப்பார்களே, அங்கே கூட்டலும் சரிவராது, பெருக்கலும் சரிவராது. எது கிடைத்ததோ அந்தப் பாதைகள் மட்டும் ஓட வேண்டும். அதற்குச் சாய்சதுரத்துக்குள் வட்டம். பிரிக்கும்போது அது சுலபம்; கணக்கு முடிக்கச் சேர்க்கும்போது, எத்தனை பேருக்காகக் காத்திருப்பது என்று மென்பொருள் திணறக்கூடும். என்னைக் கேட்டால், ஒவ்வொரு ரகத்துக்கும் கணக்கைத் தனியாக முடித்துவிடுவது நல்லது.