மீன் பெட்டியைப் போட்டில் பூட்ட முன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் விடியப்புறம் பிடித்த மீன், போட்டின் அடித்தட்டில் ஈரச்சாக்குக்குக் கீழே கிடந்து கரைக்கு வரும்போதே கண் குழிந்து, செவுள் நிறம் மங்கிவிடும். நல்ல பாரையும் விளைமீனும் இரண்டாந்தர விலைக்குப் போவது பெரும்பாலும் இதனால்தான். அதனால் இலங்கையின் கிழக்குக் கரையில் வாழைச்சேனை தொடக்கம் பொத்துவில் வரை 18 முதல் 23 அடி ஃபைபர் போட் வைத்திருப்பவர்கள் மீன் பெட்டி பூட்ட நினைப்பது நல்ல விடயம். ஆனால் பெட்டி என்பது முதலில் ஒரு பாரம், அடுத்ததாக ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பிறகுதான் மீன் வைக்கும் இடம். இந்த ஒழுங்கை மறந்து செய்த பெட்டி மீனையும் காப்பாற்றாது, போட்டையும் ஆபத்தில் விடும்.

உள்ளளவு 90 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 200 லீட்டர். மீனும் நொறுக்கிய ஐஸும் சரிபாதியாக அடுக்கினால் இதற்குள் 60 கிலோ மீனும் 60 கிலோ ஐஸும் கொள்ளும். பெட்டியின் சொந்த எடை 20 முதல் 25 கிலோ. மொத்தம் 145 கிலோவுக்குக் கிட்ட. இரண்டு பெரிய ஆட்களைப் புதிதாக ஏற்றியதற்குச் சமம். அந்த இரண்டு பேருக்கும் போட்டில் இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஆழத்தை 45 செ.மீ.க்கு மேல் கூட்டவும் வேண்டாம். அடியில் கிடக்கும் மீன் மேற்பாரத்தில் நசுங்கி வயிறு வெடிக்கும்.

பெட்டியைப் பூட்டுவதற்கு முன்பே, வெறுமனே கயிற்றால் கட்டி வைத்து, இடுப்பளவு தண்ணீரில் வாவியில் சோதிக்கலாம். எஞ்சின், எரிபொருள், வலை, வழக்கமாகப் போகும் ஆட்கள் எல்லாம் ஏறிய பின் நீர்மட்டத்தை இரு பக்கமும், அணியத்திலும் (முன்முனை) கடையாரிலும் (பின்முனை) சோக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டிக்குள் 120 லீட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். 20 லீட்டர் கேன் ஆறு. குறி எவ்வளவு தாழ்ந்தது, எந்தப் பக்கம் கூடத் தாழ்ந்தது என்று பார்த்துவிட்டு, ஓராள் ஒரு விளிம்புப் பக்கம் நகரட்டும். தண்ணீர் அந்தப் பக்கமே ஓடி, போட் இன்னும் சாய்வது உடனே தெரியும். ஐஸ் உருகிப் பாதித் தண்ணீராகிவிட்ட பெட்டி கடலில் செய்வதும் இதையேதான். பெட்டியின் நீளப்பக்கம் போட்டுக்குக் குறுக்காக இருந்தால் இந்த ஓட்டம் பல மடங்கு கூடும். குறுக்காகத்தான் வைக்க முடியும் என்றால் உள்ளே இரண்டு தடுப்புப் பலகை போட்டு மூன்று அறையாகப் பிரித்துவிடுங்கள். பெரிய மீனைத் தனியே வைக்கவும் அது உதவும்.

இடம் என்று பார்த்தால் நடுவுக்குச் சற்று முன்னால் வைப்பது நல்லது. எஞ்சினும் ஓட்டுபவரும் எரிபொருளும் ஏற்கெனவே கடையாரை அழுத்திக்கொண்டிருக்கின்றன. அதற்காக அணியத்தில் கொண்டுபோய் வைத்தால் அலை முறியும் இடத்திலும் முகத்துவாரத்திலும் பின்னாலிருந்து அலை தள்ளும்போது மூக்குக் குத்தும். அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. குறுக்குப் பலகைக்குக் கீழே அடைத்திருக்கும் மிதவை ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தையே மீன் பெட்டியாக்குவது. ஒரு லீட்டர் ஃபோம் ஏறக்குறைய ஒரு கிலோ பாரத்தைத் தண்ணீரில் தாங்கும். 150 லீட்டரை எடுத்தால், போட் தண்ணீர் ஏறிக் கவிழும் நாளில் 150 கிலோ தாங்குசக்தி இல்லை. எஞ்சினின் எடையைத் தாங்கி, ஆட்கள் பிடித்துக்கொள்ளப் போட்டை மேலே வைத்திருப்பது அந்த ஃபோம்தான். அதில் கை வைக்காதீர்கள்.

சுவருக்கு 5 செ.மீ. காப்பு ஃபோம் போடுங்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்லலாம். மேலே சொன்ன அளவுப் பெட்டியில், உள்ளே 0 பாகையும் வெளியே 30 பாகையும் இருக்கும்போது, 5 செ.மீ. காப்பு இருந்தால் பத்து மணித்தியாலத்தில் சுவர் வழியாகச் சூடு புகுந்து 5 முதல் 6 கிலோ ஐஸ் உருகும். 2.5 செ.மீ. என்றால் 10, 11 கிலோ. வெயில் நேரே பட்டால் இரண்டுமே கூடும். ஆகவே வெளிப்பக்கம் வெள்ளை நிறம் அடிப்பது அழகுக்காக இல்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பொதி கட்டும் வெள்ளை ஃபோமான ரெஜிபோமில். போட் கட்டப் பயன்படும் சாதாரண பொலியெஸ்டர் ரெசின் ரெஜிபோமைக் கரைத்துவிடும். மேலே ஃபைபர் காய்ந்து பளபளவென்று தெரியும். உள்ளே ஃபோம் கரைந்து வெறும் பொந்துதான் இருக்கும். பொலித்தீன் சுற்றிவிட்டு ரெசின் பூசினாலும் எங்காவது ஒரு கீறல் வழியே புகுந்துவிடும். பொலியூரித்தேன் ஃபோம் ஷீட் வாங்குங்கள், அல்லது ரெஜிபோம்தான் கிடைக்கும் என்றால் எபொக்சி ரெசின் பயன்படுத்துங்கள். 8க்கு 4 அடி ஷீட் ஒன்றரை வேண்டும். ஒன்றிலேயே அடக்கப் பார்த்தால் மூலைகளில் துண்டு ஒட்ட நேரும், அந்த ஒட்டுக்களால் குளிர் போகும்.

உள்ளும் வெளியும் 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) இரண்டிரண்டு படை. வீண் போவதையும் சேர்த்து மேட் 5 கிலோ, ரெசின் 12 கிலோ அளவில் முடியும். இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒரு கிலோ பொலியெஸ்டர் ரெசினுக்கு 10 மி.லீ. போதும். நமது வெயிலில் 20 போட்டால் வாளிக்குள்ளேயே இறுகிவிடும். உள்மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைவாக எடுங்கள். இரத்தமும் செதிலும் தங்கி நாறுவது கூர்மூலையில்தான். வேலை முடிந்ததும் ஒரு கிழமை மூடியைத் திறந்து வெயிலில் காயவிட்டு, வெந்நீரும் சவர்க்காரமும் போட்டு இரண்டு மூன்று தரம் கழுவுங்கள். ரெசின் மணம் போகாத பெட்டியில் வைத்த மீன் குழம்பிலும் அதே மணம் வீசும்.

வடிகால் இல்லாத பெட்டியைச் செய்யவே வேண்டாம். உருகிய தண்ணீரில் இரத்தமும் வழுவழுப்பும் கலந்து, அடியில் கிடக்கும் மீன் அதற்குள் ஊறினால் மேல் மீனைவிட முந்திப் பழுதாகும். போட் ஓடும்போது கடையார்ப் பக்கம் தாழ்வதால் பெட்டியின் தரையை அந்தப் பக்கம் ஒன்றிரண்டு செ.மீ. சரித்து, மூலையில் ஒரு அங்குலப் பைப் வையுங்கள். அந்தப் பைப் போகும் துளைக்குள் ஃபோம் வெளியே தெரியாதபடி ரெசினும் மேட்டும் வைத்து அடைக்க வேண்டும். பெட்டிச் சுவருக்குள் தண்ணீர் ஏறிப் பாரமாவது பெரும்பாலும் இந்தத் துளையால்தான். பைப்புக்கு அடைப்பான் போட்டு, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திறந்து வடித்துவிட்டு மூடுங்கள். திறந்தே விட்டால் சூடான காற்று உள்ளே ஏறும். தரையில் 3 செ.மீ. உயரத்துக்குத் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டி போட்டால் ஐஸ் துண்டு வாயை அடைக்காது. வடியும் தண்ணீருக்காகப் போட்டின் அடியில் துளை போடுவது கூடாது. இறைக்கும் குழிக்கு விட்டு, அங்கிருந்து இறைத்து ஊற்றுங்கள்.

பூட்டுவதில் பெட்டிக்குக் கீழே 4 செ.மீ. உயர மரக்கட்டை இரண்டு, போட்டின் நீளவாக்கில். அடித்தட்டுத் தண்ணீர் அவற்றுக்கு இடையால் ஓடி இறைக்கும் குழிக்குப் போக வேண்டும். கட்டையைப் போட்டின் அடியோடு ஸ்குரூ அடிக்காமல், பெயின்டைத் தேய்த்து எடுத்துவிட்டு இரண்டு படை மேட் போட்டு ஒட்டுங்கள். பெட்டியை நான்கு மூலையிலும் பட்டிப் பெல்ட் போட்டுக் குறுக்குப் பலகையோடு இழுத்துக் கட்டலாம். கழற்றிக் கழுவ வசதி, போட்டிலும் துளை விழாது. மூடிக்குக் கீல், கொளுக்கி எதுவும் வேண்டாம். வெளியே நீட்டிய ஒரு போல்ட் தலை போதும், வலை இழுக்கும்போது கண்ணிகள் சிக்கிக் கிழிய. 3 செ.மீ. விளிம்பு கீழிறங்கி மூடும் தூக்கு மூடியும், ரப்பர் பட்டியும், ஒரு கயிற்றுக் கட்டும் எங்கள் தேர்வு.

அலுமினியப் போட் இந்தப் பக்கம் குறைவு. வைத்திருப்பவர்கள் வேறு சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். அலுமினியத்தின் வழியே சூடு வேகமாகக் கடத்தப்படும். போட்டின் அடியில் 29, 30 பாகைக் கடல்நீர். பெட்டியை நேரே தட்டில் வைத்தால் அடியில் உள்ள ஐஸ் முதலில் போகும், ஆகவே இடைவெளி இன்னும் அவசியம். பித்தளையும் செம்பும் அலுமினியத்தோடு உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரித்துத் துளை விழும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் மெதுவாக அதையே செய்யும்; நைலோன் வோஷரும் குழாயும் போட்டு உலோகம் உலோகத்தைத் தொடாமல் பிரியுங்கள். செம்பு மருந்து ஏற்றிய பலகையைக் கீழே வைக்க வேண்டாம். ஈரச் சாக்கு, ஈர ரப்பர் எதையும் அலுமினியத்தோடு ஒட்டி மாதக்கணக்கில் விடாதீர்கள். காற்றுப் படாத அந்த ஈரத்துக்குக் கீழே வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும். துளையிட வேண்டுமானால் நீர்மட்டத்துக்கு மேலே, குறுக்குப் பலகையில் மட்டும்.

ஐஸ் விடயத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. 30 பாகையில் உள்ள 10 கிலோ மீனை 0 பாகைக்கு இறக்கவே 3 கிலோவுக்கு மேல் ஐஸ் உருகும். சுவர் வழியாகவும் மூடி திறக்கும்போதும் போவதைச் சேர்த்தால், ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதே நம் காலநிலைக்குச் சரி. ஐஸ் கட்டியைச் சாக்குக்குள் வைத்து அடித்து நெல்லிக்காய் அளவாக்குங்கள். பெருங்கட்டி மீனைத் தொடும் இடம் குறைவு, கூர்முனையும் சதையைக் குத்தும். அடியில் 5 செ.மீ. ஐஸ், ஒரு படை மீன், ஒரு படை ஐஸ், கடைசியாக மேலே 5 செ.மீ.க்குக் குறையாத ஐஸ். குடல் எடுத்த மீனை வயிறு கீழே பார்க்க வையுங்கள், தண்ணீர் தங்காது. சாளை, கும்புளா போன்ற சிறுமீனுக்கு இரண்டு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு சுத்தமான கடல்நீர் கலந்த குழம்பு வேகமாகக் குளிராக்கும். அப்போதுதான் மேலே சொன்ன தடுப்புப் பலகை உண்மையில் வேலை செய்யும்.

சூரை, கும்புளா, சாளை இவற்றில் தாமதம் விலையோடு நிற்பதில்லை. சூட்டில் கிடந்தால் பக்டீரியா இவற்றின் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கும். சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், உடல் கடிக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் சமைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் போகாது. பிறகு ஐஸ் போட்டும் திரும்பாது. கடலில் வலையிலிருந்து எடுத்த உடனேயே ஐஸுக்குள் போக வேண்டும்.

கரைக்கு வந்ததும் பெட்டியை நல்ல தண்ணீரால் கழுவி, 10 லீட்டருக்கு 5 சதவீத குளோரின் திரவம் 20 மி.லீ. கலந்து தேய்த்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி கழுவுங்கள். நகரப் பக்கத்து வாவித் தண்ணீரால் கழுவினால் கழுவாமலே விட்டதற்குச் சமம். அலுமினியப் போட்டில் குளோரின் தண்ணீர் தட்டில் தேங்க விடாதீர்கள்.

புதுப் பெட்டியைத் தராசில் நிறுத்து எடையை மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். வாடைக்காற்று தொடங்கிப் போட்டைக் கரையேற்றும்போது காயவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். மூன்று நான்கு கிலோ கூடியிருந்தால் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது. வெளித்தோலின் அடியில் சிறு துளை போட்டு வடியவிட்டு, எங்கால் புகுந்தது என்று முதலில் வடிகால் வாயைத் தேடுங்கள். ஈரமான ஃபோமை வெட்டி எடுத்துப் புதிது வைக்காமல் மேலால் மட்டும் ஃபைபர் போட்டு அடைத்தால், அடுத்த பருவத்தில் அந்தப் பெட்டி ஐஸைத் தின்றுகொண்டேயிருக்கும்.