ஈரக் குப்பையைத் தனியாக வையுங்கள், மற்றது தானாகச் சரியாகும்

குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் குப்பை பற்றிப் பேசப் போகும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். "சுற்றுச்சூழலுக்காக எங்க வீட்ல ஒரே ஒரு மாற்றம் செய்யணும்னா எதைச் செய்யலாம்?" துணிப்பை, மூங்கில் டூத்பிரஷ் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். திடக்கழிவு மேலாண்மையில் பல வருடங்களாக வேலை பார்த்த பிறகு என்னிடம் இருக்கும் பதில் வேறு. சமையலறையில் சேரும் ஈரக் குப்பையை மற்ற குப்பையோடு கலக்க விடாதீர்கள். புதிதாக எதையும் வாங்கச் சொல்லாத மாற்றம் இது. ஒரு குடும்பம் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பலன் தருவது எனக்குத் தெரிந்து வேறில்லை.

நம் நகரங்களின் குப்பையில் எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதி மக்கும் குப்பைதான். காய்கறித் தோல், மீந்த சோறு, டீத்தூள், பூஜைப் பூ, வாழை இலை. மண்ணோடு சேர்ந்தால் இவை உரம். ஆனால் கேரி பேக்கில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டுக் கிடங்குக்கு அனுப்பினால், காற்றே படாமல் அழுகி மீத்தேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கும் நாள்கணக்கில் எரிந்தன. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் சுற்றியிருந்த வீடுகளில் குழந்தைகளோடு வாழ்பவர்கள். பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். தீப்பிடித்த அதே 2022-ல்தான் அந்தச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

குப்பை கலந்துவிட்டால் பிறகு யாராலும் முழுதாகப் பிரிக்க முடியாது. சாம்பார் ஊறிய அட்டையைக் காகிதமாக யாரும் வாங்க மாட்டார்கள். மக்கும் குப்பையை உரமாக்கும் நுண் உர மையத்துக்கு வரும் முடிச்சுப் பைகளை ஒவ்வொன்றாகக் கையால் கிழித்துத்தான் கொட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. குழந்தையின் டயாப்பர், உடைந்த டம்ளர், ஷேவிங் பிளேடு எல்லாம் வரும். இப்போது அதிகம் வருவது இன்சுலின் ஊசி. சர்க்கரை நோயாளி இல்லாத வீடே அபூர்வம் என்றாகிவிட்டது. போட்ட ஊசியை அப்படியே குப்பைக் கூடையில் எறிந்தால் அது குத்துவது ஒரு தூய்மைப் பணியாளரின் கையில். வீட்டில் இன்சுலின் போடுபவர்கள் இருந்தால் தயவுசெய்து மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அதற்கென்றே வையுங்கள். நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, 'ஊசி' என்று எழுதி, வண்டியில் வருபவரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். நாப்கினையும் டயாப்பரையும் பழைய செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பையை மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லிவிட்டன.

சரி, எப்படிப் பிரிப்பது? சிங்க் பக்கத்தில் மூடியுள்ள சின்ன வாளி ஒன்று, ஈரத்துக்கு. உள்ளே பிளாஸ்டிக் பை விரிக்க வேண்டாம், அடியில் செய்தித்தாள் போதும். காய்ந்த குப்பையைச் சமையலறைக்கு வெளியே ஒரு சாக்கிலோ பெரிய பையிலோ சேருங்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அவசரத்தில் கை மாறிப் போடும். கொஞ்சம் தள்ளி இருந்தால் அது நடக்காது. காய்ந்ததைத் தினமும் வெளியேற்ற வேண்டியதில்லை, வாரம் ஒருமுறை போதும்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது: "நாங்க பிரிச்சுக் கொடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?" சில இடங்களில் அப்படி நடப்பது உண்மைதான். அந்தக் கோபம் நியாயமானது, வார்டு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம். ஆனால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வழி ஒன்று உண்டு. ஈரக் குப்பையை வீட்டிலேயே உரமாக்கிவிட்டால், வாசலுக்கு வெளியே போவது காய்ந்த குப்பை மட்டும்தான். அதை எதோடு கலந்தாலும் உங்கள் வீட்டுச் சோறு கிடங்கில் போய் அழுகாது.

உரமாக்குவதற்கு ஒரு பழைய பெயிண்ட் வாளி போதும். அடியிலும் சுற்றிலும் ஓட்டை போட்டு, அடியில் ஒரு கை உயரத்துக்குக் காய்ந்த இலையைப் பரப்புங்கள். தினமும் சேரும் காய்கறித் தோலைச் சின்னதாக நறுக்கிப் போட்டு, மேலே அதே அளவோ அதைவிடக் கூடுதலாகவோ காய்ந்த இலையோ தென்னை நார்த்தூளோ போட்டு மூடுங்கள். தொடக்கத்தில் புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் வேலை சீக்கிரம் நடக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். வாளி நிறைந்ததும் ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வாளியைத் தொடங்குங்கள். சுமார் இரண்டு மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, மண் வாசனையோடு உரம் கிடைக்கும். முதலில் கறி, மீன், எலும்பு, எண்ணெய்ப் பதார்த்தம் போட வேண்டாம். தேங்காய் நார் மக்க ரொம்ப நாளாகும், அதையும் தவிர்க்கலாம்.

நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். பலர் அத்தோடு வாளியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தேவை இன்னும் இரண்டு கை காய்ந்த இலையும் ஒரு கிளறலும்தான். தடித்த புழுக்கள் நெளிவதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். சாப்பாட்டில் மொய்க்கும் வீட்டு ஈயின் புழுக்கள் அல்ல அவை. கழிவை வேகமாகத் தின்று உரமாக்கித் தரும் வேறொரு ஈயின் புழுக்கள். சிக்கல் வருவது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். அப்போது காய்ந்த இலை கிடைக்காது. அதனால் மாசி, பங்குனியில் வேப்ப மரங்கள் இலை உதிர்க்கும்போது இரண்டு சாக்கு நிறையச் சேர்த்து நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள். தெருவோரம் குவித்துக் கொளுத்தும் இலைதானே அது. கேட்டால் அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள்.

இந்த இடத்துக்கு வந்துவிட்ட வீடுகளில் ஒன்றைத் தொடர்ந்து கவனித்திருக்கிறேன். ஈரம் போய்விட்டதும் மிச்சமுள்ளதை அவர்களே உற்றுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர் கடைக்குப் போடுகிறார்கள். (கவரின் முனையை முழுதாக வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்தக் குட்டி முக்கோணம் தனியாக விழுந்தால் யார் கையிலும் சிக்காது, சாக்கடைக்குத்தான் போகும்.) அப்புறம் சாக்கில் எஞ்சுவது பெரும்பாலும் சிப்ஸ், பிஸ்கட் உறைகள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்கு உறைகள் அவை, மறுசுழற்சிக்கு ஏற்றவை அல்ல. காய்ந்திருந்தால் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும், அவ்வளவுதான். ஒரு வாரத்து உறைகளைத் தரையில் பரப்பிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சுண்டலும் கடலை மிட்டாயும் டப்பாவில் போவதற்கு வேறு பிரசங்கம் தேவைப்படாது.

துணிப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. இன்று தாம்பூலப் பை, கடைப் பை என்று எல்லா வீட்டிலும் அலமாரி நிறையத் துணிப்பை இருக்கிறது. கடைக்குப் போகும்போது கையில் மட்டும் இருப்பதில்லை. இன்னொரு பை வாங்காதீர்கள், ஒரு பை நெய்யவும் நிறையத் தண்ணீரும் பருத்தியும் செலவாகிறது. இருப்பதில் இரண்டை வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். பார்சல் வாங்கும் வழக்கம் இருந்தால் ஒரு தூக்குச்சட்டியும் கூட இருக்கட்டும். சூடான சாம்பாரை பிளாஸ்டிக் பையில் வாங்காமல் தப்பிக்கலாம்.

கடைசியாக, இந்த வேலைகளை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். நான் போன பல வீடுகளில் ஆர்வத்தோடு தொடங்கியவர் அப்பாவாக இருப்பார். வாளி கிளறுவது, கவர் கழுவுவது, வண்டிக்காரர் வரும் நேரத்துக்கு ஓடுவது எல்லாம் அம்மா. ஏற்கனவே நிறைந்து கிடக்கும் அவருடைய காலை நேரத்தில் இன்னொரு வேலை ஏறினால், அது ஒரு மாதம்கூடத் தாங்காது, தாங்க வேண்டும் என்று கேட்பதும் நியாயம் இல்லை. வாளி கிளறுவது பிள்ளைகள் பொறுப்பு, இலை சேர்ப்பதும் பேப்பர் கடைக்குப் போவதும் அப்பா பொறுப்பு என்று முதல் நாளே பேசிப் பிரித்துக்கொண்ட வீடுகளில்தான் இரண்டாவது வாளி நிறைவதைப் பார்க்கிறேன்.