குத்து உங்களைத் தொடும்படி வரட்டும்

என்னிடம் கராத்தே கற்று, கறுப்புக்கு முந்தைய பழுப்புப் பட்டை வரை வந்த மாணவர் ஒருவர் இருந்தார். வரிசையில் நின்று குத்தும்போது பார்க்க அத்தனை அழகாக இருக்கும். ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த ஒருவரை அவர் எதிரே நிறுத்தி, "சட்டையைப் பிடித்துத் தள்ளுங்கள்" என்றேன். பழுப்புப் பட்டைக்காரர் தடுமாறிப் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். கைகள் அந்தரத்தில் நின்றன. கற்ற தடுப்புகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. தவறு என்னுடையது. அதுவரை அவரைக் காற்றோடுதான் பழக்கியிருந்தேன்.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கோ இதோசு என்ற ஆசான் ஜப்பானின் ஒகினாவாத் தீவுப் பள்ளிகளுக்குள் கராத்தேயைக் கொண்டுசென்றார். பெருங்கூட்டத்துக்குச் சொல்லித்தர வரிசையும் எண்ணிக்கையும் வசதி. கிஹோன் எனப்படும் அந்த அடிப்படைகள் உடலை ஒழுங்குபடுத்தும்; ஆனால் தொலைவைக் கற்றுத்தராது. அதற்கு எதிரே ஒரு மனிதர் வேண்டும், அவர் நேர்மையாக அடிக்கவும் வேண்டும்.

பல வகுப்புகளில் நடப்பதைக் கவனியுங்கள். குத்துபவர் கூட்டாளியின் மூக்குக்கு ஒரு சாண் முன்பே கையை நிறுத்துகிறார், அல்லது காதோரமாக விலக்கிக் குத்துகிறார். மற்றவர் மும்முரமாகத் தடுக்கிறார். சும்மா நின்றிருந்தாலும் அடி விழுந்திருக்காது! மரியாதை என்று நினைத்துச் செய்யும் இந்த உபகாரம் கூட்டாளியைக் கெடுக்கிறது. எனவே இடையிடையே தடுக்காமல் நிற்கச் சொல்கிறேன். முஷ்டி நெஞ்சை மெல்லத் தொட வேண்டும். தொடவில்லையா, அரை அடி நெருங்கி மறுபடியும். வேகம் பிறகு கூடட்டும்.

இருவர் எதிரெதிரே நின்று, முன்பே பேசிவைத்தபடி தாக்கியும் தடுத்தும் பழகுவது குமிதே. கோஹோன் குமிதேயில் ஐந்து தாக்குதல், சன்போனில் மூன்று, இப்போனில் ஒன்று. இவை படிக்கட்டுகள்தாம். தெருவில் யாரும் முன்காலை மடக்கி நேர்குத்து விடுவதில்லை. சட்டையைப் பற்றுவார்கள், நெஞ்சில் தள்ளுவார்கள், கையை அகலமாக வீசுவார்கள். கூட்டாளி அதைத்தான் செய்ய வேண்டும். கத்தவும் வேண்டும். நீங்கள் விரித்த கைகளை நெஞ்சுக்கு முன் வைத்து, "வேண்டாம், விலகுங்கள்" என்று உரக்கச் சொல்லிப் பழகுங்கள். வாய் திறப்பதற்கே பலருக்கு வாரங்கள் ஆகின்றன.

மணிக்கட்டைப் பிடித்தால் பிடித்தவரின் கட்டைவிரல் பக்கமாக உருவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இறுக்கிப் பிடிக்கும் ஆளிடம் செய்து பாருங்கள். கையை மட்டும் இழுத்தால் வராது. ஓரடி உள்ளே வைத்து, முழங்கையை அவர் பக்கம் கொண்டுபோனால்தான் கழலும். கழன்றதும் கதவை நோக்கி ஓடுவதும் பயிற்சியில் சேர்ந்ததே.

பல் காப்பு அணியுங்கள். போதும் என்று கூட்டாளி இரண்டு முறை தட்டினால் அந்தக் கணமே பிடியை விட்டுவிட வேண்டும். இதில் விளையாட்டே கிடையாது.

கத்தி வந்தால் என்ன செய்வது என்று கேட்காத மாணவர் இல்லை. கூட்டாளியின் கையில் ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுத்து, அரை நிமிடம் தடுத்துக்கொள்ளச் சொல்வேன். முடிந்ததும் தங்கள் வெள்ளைச் சீருடையில் விழுந்த கோடுகளை எண்ணிப் பார்க்கிறார்கள். மறு வகுப்பில், பர்ஸை எறிந்துவிட்டு ஓடுவது எப்படி என்று கேட்கிறார்கள்.