பதின்மூன்றாவதாக வரும் ‘நான்’

போன வாரம் வகுப்பில் ஒருவர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். துபாய் வேலைக்காக அரபு படிக்கிறார். “நேற்று எங்கே போனீர்கள்?” என்று அரபியில் கேட்டேன். கேள்வி புரிந்துவிட்டது, பதில்தான் வரவில்லை. உதடு மட்டும் அசைகிறது. காதைக் கொடுத்தால், “தஹப, தஹபா, தஹபூ, தஹபத்...” (போனான், இருவர் போனார்கள், பலர் போனார்கள், போனாள்...) மேசைக்கு அடியில் விரல் எண்ணிக்கொண்டிருக்கிறது. இறந்தகால அட்டவணையில் 14 வடிவங்கள். ‘அவன்’ முதலில் வரும், ‘நான்’ வருவது 13-ஆவதாக. அங்கே போய்ச் சேர்ந்து “தஹப்து” (போனேன்) என்று சொல்வதற்குள் எனக்கே மூச்சு முட்டியது.

இவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கேயோ ஆறு மாதம் பணம் கட்டி, அட்டவணையைப் பாட்டாகப் பாடப் பழகியிருக்கிறார். இப்படி வருகிறவர்களை எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன்.

எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வாசகம் வைத்திருக்கிறார்கள்: “அரபு கணக்கு மாதிரி சார். வாய்பாடு தெரிஞ்சா எல்லா வினையும் வந்துரும்.” வராது ஐயா. வினைகளுக்கு மாதிரியாகக் காட்டும் ‘ஃபஅல’ என்ற சொல் நம் யாப்பில் தேமா, புளிமா மாதிரி. அது அச்சு. புளிமா என்று தெரிந்ததும் வெண்பா எழுத வந்துவிடுமா?

உட்கார்ந்தான் என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு: ஜலஸ, கஅத. இறந்தகாலத்தில் இரண்டும் ஒரே அச்சு. நிகழ்காலத்தில் ஒன்று ‘யஜ்லிஸு’, மற்றது ‘யக்உது’. நடு எழுத்தில் ஒன்றுக்கு இகரம், இன்னொன்றுக்கு உகரம். ஏன் என்று கேட்காதீர்கள். விழு, விழுந்தான் ஆகிறது; அழு, அழுதான் ஆகிறது. எழு, எழுந்தான், உழு, உழுதான். உங்கள் ஐந்து வயதுப் பிள்ளை ‘அழுந்தான்’ என்று சொல்வதில்லையே, எந்த வாய்பாட்டைப் படித்தது? வினையின் நடுவிலோ கடைசியிலோ தொண்டையில் பிறக்கும் எழுத்து வந்தால் நிகழ்காலத்தில் அகரம் என்று ஒரு விதி சொல்வார்கள். தஹப–யத்ஹபு, ஃபதஹ–யஃப்தஹு வரைக்கும் சரி. தகல (நுழைந்தான்) ‘யத்குலு’ ஆகும்போதும், ரஜஅ (திரும்பினான்) ‘யர்ஜிஉ’ ஆகும்போதும் அந்த விதி திண்ணையில் உட்கார்ந்துவிடும். ஸர்ஃபு (சொல்லிலக்கண) நூல்கள் இதையெல்லாம் 6 வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பிரித்ததைப் படிக்கலாம், ஊகிக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், வாய்பாடு நிஜமாகவே கைகொடுக்கிற இடம் வேறு. அல்லம–யுஅல்லிமு–தஃலீம் (கற்பித்தல்), தர்ரஸ–யுதர்ரிஸு–தத்ரீஸ் என்று அடிப்படை வினையோடு எழுத்துகள் கூடி வளர்ந்த வடிவங்கள் பெரும்பாலும் தடம் மாறாமல் ஓடும். ஆனால் பொருளை அங்கேயும் வாய்பாட்டை வைத்துக் கட்டக் கூடாது. ‘இஸ்தஃப்அல’ என்றால் ‘கேட்பது, தேடுவது’ என்று படித்த ஒருவர், அமில (வேலை செய்தான்) என்பதை அந்த அச்சில் வார்த்து, நேர்காணல் ஒத்திகையில் “அஸ்தஃமிலு” என்றார். வேலை தேடுகிறேன் என்று சொல்வதாக நினைப்பு. அதற்குப் பொருள் ‘பயன்படுத்துகிறேன்’.

அப்புறம் இந்தத் தமிழெழுத்து வியாதி. நோட்டுப் புத்தகம் முழுக்கத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, “குல் என்றால் சொல்” என்று படிக்கிறார்கள். குல் என்றால் தின் என்றும் பொருள் சார்! எழுத்துதான் வேறு. ஒன்று அடித்தொண்டைக் காஃப், மற்றது நம் ககரம் மாதிரி வரும் காஃப். பாருங்கள், அந்த இரண்டின் பெயரையும்கூட நான் ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது. அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் தமிழ்) எழுதிய முன்னோர் தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் கூடுதல் எழுத்துகளையே உண்டாக்கினார்கள். நாம் இருக்கிற எழுத்தைப் படிக்கவே சோம்புகிறோம். தயவுசெய்து முதல் இரண்டு வாரத்தை எழுத்துக்குக் கொடுங்கள். இந்தக் கட்டுரையைப் பார்த்தும் மனப்பாடம் செய்யாதீர்கள்.

வினையை ஒற்றைச் சொல்லாக எழுதவே எழுதாதீர்கள். இறந்தகாலம், நிகழ்காலம், மஸ்தர் (தொழிற்பெயர்) மூன்றையும் ஒரே மூச்சில்: ஜலஸ, யஜ்லிஸு, ஜுலூஸ். ஹான்ஸ் வேர் என்பவர் தொகுத்த அரபு அகராதியில் (ஆங்கிலப் பதிப்பு 1961) வினைக்குப் பக்கத்திலேயே நிகழ்கால உயிர் ஒற்றை எழுத்தாகப் போட்டிருக்கும். அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு சொல்லின் வேரெழுத்துகளின் கீழ் அகராதி காட்டாத வடிவத்தை நீங்களாகப் பெற்றெடுக்கவும் வேண்டாம்.

முதல் மாதம் நான், நீ, அவன், அவள் போதும். இருமை (இரண்டு பேருக்கான வடிவம்) எங்கேயும் ஓடிப்போகாது. ‘கால’ (சொன்னான்) போல நடுவில் நெடில் வரும் வகையறாவில் ‘நான்’ வரும்போது நெடில் குறுகிவிடும்: குல்து, ஸுர்து (சந்தித்தேன்), நிம்து (தூங்கினேன்). ‘கால்து’ என்று இன்னும் ஒருவர் எழுதிக் காட்டினால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

தஹப்து நண்பருக்கு 5 வினைகள்தான் கொடுத்தனுப்பினேன், எல்லாம் ‘நான்’ வடிவத்தில். தினமும் ராத்திரி படுக்கும் முன் அன்றைக்குச் செய்ததை மனைவியிடம் அரபியில் சொல்ல வேண்டும். “அவளுக்குப் புரியாதே சார்” என்றார். புரிய வேண்டாம், விரலை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன்.